கீழாநெல்லியும் ஒரு மனநலச் சான்றும்

அந்த பெஞ்சின் ஒரு கால் குட்டை. நான் கொஞ்சம் அசைந்தாலும் 'டக்' என்று தரையில் இடிக்கும். அசையாமல் உட்கார வேண்டும் என்று நினைக்க நினைக்க முழங்கால் தானாக ஆடியது.

அண்ணாமலை நகரில், ஒரு பழைய கட்டடத்தின் நடைக்கூடம். ஆனி மாத வெயில் தூண்களுக்கு நடுவே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. எதிரே ஒரு மூடிய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் ஜெசிந்தா. கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு, ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

ஆலோசனை உளவியல் முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் அது. எழுத்துத் தேர்வு முடிந்து, குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொன்னதும் முடிந்து, இதுதான் கடைசிச் சல்லடை.

போன வாரம் இந்தப் பத்தியில், கரும்பலகை பக்கம் திரும்பவே பயந்த ஒருத்தி கணக்கு டீச்சர் ஆன கதையை எழுதியிருந்தேன். சிரித்தோம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த பெஞ்சு இன்னும் ஆடுகிறது.

பி.காம். முடித்த பெண்

ஜெசி கடலூரில் பி.காம். முடித்தாள். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வருடம் வேலையும் பார்த்தாள். திடீரென்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நான் கவுன்சிலிங் படிக்கப் போறேன்" என்றாள்.

அன்றைக்கு என் கொழுந்தன் எட்வின் வந்திருந்தார். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"எந்த கவுன்சிலிங்கு? இன்ஜினியரிங் சீட்டுக்குப் போவாங்களே, அதுவா?"

"இல்ல சித்தப்பா. மனசு கஷ்டத்துல இருக்கறவங்களோட உக்காந்து பேசறது."

"பேசறதுக்கா படிப்பு? அப்ப நான் டாக்டரேட் வாங்கியிருக்கணுமே! மார்க்கெட்டுல காலையிலேர்ந்து பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீங்க பேசுவீங்க சித்தப்பா. நான் கேக்கப் படிக்கணும்."

எட்வின் சிரித்துவிட்டு மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். "நல்லா படி. ஆனா பைத்தியங்களோட பழகிப் பழகி நீயும் ஒரு மாதிரி ஆயிடாத. அப்புறம் மாப்பிள்ளை தேடறது எங்களுக்குத்தான் கஷ்டம்."

நான் தட்டைப் பார்த்தேன். என் கணவர் மோர்ப் பாத்திரத்தைப் பார்த்தார். ஜெசி என்னைப் பார்த்தாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கும் அந்தப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. மருந்து எழுதுவாளா? ஊசி போடுவாளா? ஜெசி பொறுமையாகச் சொன்னாள். மருந்து எழுதுகிறவர் எம்.பி.பி.எஸ். படித்து மேலே போனவர். மருத்துவ உளவியலுக்குப் போக இளங்கலையிலேயே உளவியல் வேண்டும். அதற்கு மேல் தனிப் பயிற்சி, பதிவு எல்லாம் உண்டு. ஆலோசனைப் பிரிவில் வேறு பட்டம் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். விட்டுப்போன அடிப்படைப் பாடங்களை முதல் பருவத்தில் சேர்த்துப் படித்துவிட வேண்டும்.

"படிச்சு முடிச்சா போர்டு மாட்டிக்கலாமா?" என்றார் அவள் அப்பா.

"படிச்சா மட்டும் போதாதுப்பா. ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு அனுப்புவாங்க. வர்றவங்களோட சம்மதம் வாங்கிட்டு, பேசினதைப் பதிவு பண்ணி, பாடம் நடத்தற மேடம் முன்னாடி போட்டுக் காட்டணும். எங்க தப்பாக் கேட்டேன், எங்க அவசரப்பட்டேன்னு அவுங்க சொல்வாங்க. இத்தனை மணி நேரம்னு ஒரு கணக்கு இருக்கு, அது நிறையணும்."

கரும்பலகை முன் பல வருடம் நின்றவள் நான். என் பாடத்தைப் பதிவு செய்து என் எதிரிலேயே போட்டுக் காட்டினால், மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

தகுதி என்றால் சான்று

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அவர் தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கே சான்று கேட்கும் உலகம் அது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சான்று இல்லாமல் திரும்பிப் போனவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர். அதனால் எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பத்துக்கும் கேட்டதைவிட இரண்டு சான்று ஜாஸ்தியாகவே போகும்.

சேர்க்கை விதிமுறைப் புத்தகத்தைக் கையில் பேனாவோடு படித்தார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். 'பயிற்சியில் சேர்பவர்கள் மனதளவில் அதற்குத் தகுதியானவர்களாக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் தாங்களும் ஆலோசனை பெற்றுக்கொள்ள உடன்பட வேண்டும்.'

"பாத்தியா? தகுதியா இருக்கணும்னு போட்டிருக்கான். யார் சொல்றது தகுதின்னு? அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும்ல?"

"கேக்கலியேப்பா" என்றாள் ஜெசி.

"கேட்டப்புறம் ஓடுவியா? அங்கேர்ந்து கடலூருக்கு?"

மறுநாள் தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனார். மருத்துவர் அவளை நாக்கை நீட்டச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு, இவர் நல்ல மனநிலையில் உள்ளார் என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். என் கணவர் அதோடு விடவில்லை. நகலெடுத்து, கெஜட்டட் ஆபீசரிடம் சான்றொப்பமும் வாங்கினார்.

ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, தமிழ்நாட்டுலயே மனசு சரியா இருக்குன்னு கவர்மெண்ட் முத்திரையோட இருக்கற ஒரே ஆளு நான்தான்."

நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஏன் அந்த வரியில் நின்றார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பேசவில்லை.

மஞ்சள் காமாலை

ஜெசி சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வருடம் எனக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில் தங்காமல் போனது. ஆறேழு மாதம் சுமந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் தூக்கம் மட்டும்தான். பிறகு பசி போனது. பிறகு பேச்சு. வகுப்பில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு, சாக்பீஸோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பிள்ளைகள் போய்த் தலைமையாசிரியையைக் கூட்டி வந்தார்களாம். எனக்கு நினைவில்லை.

என் கணவருக்கு அப்போது திட்டக்குடிக்கு மாற்றல். சனிக்கிழமை வந்து திங்கள் விடிகாலை போவார். வீட்டில் நானும் ஜெசியும். நான் ஈரத்துணி வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். துணியைக் காயப்போட வேண்டும் என்று தெரியும். கை எழாது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தை பையைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் வந்து நிற்கும். சீப்பை எடுத்து, எட்டிய வரைக்கும் என் தலையை வாரிவிடும்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார் என் கணவர். மருந்து கொடுத்தார்கள். அங்கே ஓர் அம்மா வாரம் ஒருமுறை என் எதிரே உட்காருவார். முதல் சில வாரங்கள் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள், "அந்தக் குழந்தைக்கு மனசுல ஏதாவது பேர் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தேன். சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

ஊருக்குச் சொன்னது வேறு. மஞ்சள் காமாலை.

அது என் கணவர் கண்டுபிடித்தது. மெலிந்திருந்தேன், சோர்ந்திருந்தேன், மாதக்கணக்கில் விடுப்பு. எல்லாவற்றுக்கும் பொருந்தியது. பள்ளிக்கும் அதைத்தான் சொன்னோம், பங்குச் சாமியாருக்கும் அதைத்தான் சொன்னோம். ஜெசிக்கும் சொல்லிக்கொடுத்தோம். "யாராவது கேட்டா அம்மாவுக்கு மஞ்ச காமாலைன்னு சொல்லு." அவள் அதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்வாள்.

விளைவை நாங்கள் யோசிக்கவில்லை. கடலூர் முதுநகரில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. வீட்டுக்கு வீடு கீழாநெல்லி வந்தது. பூசை முடிந்து வருகிறவர்கள் அரைத்த உருண்டையோடு வந்தார்கள். எட்வின் வாராவாரம் முந்திரித் தோப்பு ஓரத்தில் பறித்த கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவருவார். மோரில் கலக்கி, எதிரே நின்று, நான் கடைசிச் சொட்டு வரை குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்தப் பச்சைக் கசப்பு இன்னும் நாக்கின் அடியில் இருக்கிறது. மனம் உடைந்து கிடந்த நாட்களில், இல்லாத நோய்க்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

பேருந்தில்

நேர்காணலுக்குப் போகும் வழியில், ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜெசி மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் படிப்புக்கு ஏன் வர்றேன்னு கேப்பாங்கம்மா. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

"சமுதாயத்துக்குச் சேவை பண்ணணும்னு சொல்லு."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"சொல்லட்டுமே. நீயும் சொல்லு."

பிறகு, "நம்ம விசயத்தைச் சொல்லலாமாம்மா?" என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் பயம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இருந்தது மகளுக்கும் வரும் என்று நினைப்பார்கள். தகுதியில்லை என்று எழுதுவார்கள். அவள் ஆசைப்பட்ட ஒரே இடம் என்னால் கையைவிட்டுப் போகும். என் கணவர் அந்தச் சான்றுக்காக அலைந்ததும் இந்தப் பயத்தால்தான்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

கொத்சு

பெஞ்சின் மறுமுனையில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் நின்றது.

"பொண்ணு உள்ளயாங்க? எம்பையன் அடுத்து. காலையிலேர்ந்து நாலு வாட்டி பாத்ரூம் போயிட்டான். இப்பவும் அங்கதான். கவுன்சிலிங் படிக்க வந்தவனுக்கே யாராவது கவுன்சிலிங் குடுக்கணும் போலருக்கு."

பெயர் உமா. சிதம்பரம் கீழ வீதியில் வீடு. கோயில் தேர் வரும் தெரு. கையில் ஒரு தூக்கு.

"காலையில சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருக்க மாட்டீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சம்பா சாதமும் கொத்சும் இருக்கு. புடிங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடியில் சாதம் விழுந்துவிட்டது. சுட்ட கத்தரிக்காயின் வாசனை நடைக்கூடம் முழுவதும் பரவியது. மிளகும் நெய்யும் நாக்கில் பட்டதும்தான் எனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது.

"எங்க வீட்டுல எம்மாமியாருக்கு இருந்துச்சு" என்றார் உமா. மார்க்கெட்டில் தக்காளி விலை சொல்வதுபோல் சொன்னார். "யாரோ கூப்பிடறாங்க, கூப்பிடறாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வெளியில தெரியக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு தெருப்பக்க ஜன்னலை எல்லாம் சாத்திட்டாரு. தேர் அன்னிக்கும் சாத்தி வச்சாரு. கீழ வீதியில தேர் வரும்போது ஜன்னல் சாத்தின வீடு எங்க வீடு ஒண்ணுதான். அதுலயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு!"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. புரையேறியது. முதுகில் தட்டினார்.

"எம்பையன் அவுங்க கூடவே இருந்து பாத்துக்கிட்டவன். அதான் இங்க வந்து நிக்கறான். உங்க பொண்ணு எப்படி?"

சமுதாயச் சேவை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இருந்துச்சு" என்று வந்தது.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. குழந்தை, ஈரத்துணி, சாக்பீஸ், புதுச்சேரி, கீழாநெல்லி எல்லாம். இத்தனை வருடம் எங்கள் வீட்டைத் தாண்டாத ஒன்றை, பெயர் தெரிந்து பத்து நிமிடமே ஆன ஓர் அம்மாளிடம், கொத்சு வாசனையோடு சொல்லி முடித்தேன்.

உமா உச்சுக்கொட்டவில்லை. என் மூடியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று ஒரு கரண்டி வைத்தார். பிறகு, "இப்ப நல்லாத் தூங்கறீங்கல்ல?" என்று கேட்டார்.

"தூங்கறேங்க."

"அப்புறம் என்னாங்க."

கதவு திறந்தபோது

ஜெசி வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. உமாவின் மகன் பாத்ரூமிலிருந்து ஓடி வந்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டே அறைக்குள் போனான்.

அவளை நடைக்கூடத்தின் கோடிக்கு இழுத்துப் போனேன். "என்ன ஆச்சு?"

"அப்பாவோட சர்ட்டிபிகேட்தாம்மா ஆச்சு."

அசல் சான்றிதழ்களைப் பார்க்க ஃபைலை வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேர். துறையின் மூத்த மேடம் ஒருவர், இளைய சார் ஒருவர். சார் அந்தச் சான்றை எடுத்து வாய்விட்டுப் படித்திருக்கிறார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"யாரும்மா வாங்கினது?"

"எங்க அப்பா மேடம்."

"நாங்க கேக்கவே இல்லியே. அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

ஜெசி சொல்லிக்கொண்டே வந்தவள் இங்கே நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?"

"காரணம் இருக்கு மேடம். ஆனா அது இன்னொருத்தரோட விசயம். அவுங்களக் கேட்டேன், அவுங்க சரின்னு சொல்லல. அதனால சொல்லக் கூடாதுன்னேன்."

"அப்புறம்?"

"இந்தப் படிப்புக்கு ஏன் வர்றேங்கறதுக்கும் அதான் காரணமான்னு சார் கேட்டாரு. ஆமான்னேன். அதைச் சொல்லலைன்னா உனக்கு எதை வச்சு மார்க் போடறதுன்னாரு. தெரியல சார்னேன்."

"ஐயோ. மஞ்ச காமாலைன்னாவது சொல்லிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அங்க உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்ல வரலம்மா."

"அப்புறம் என்ன கேட்டாங்க?"

"பி.காம்.ல எந்தப் பாடம் பிடிக்கும்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அனுப்பிட்டாங்க."

போச்சு என்று நினைத்தேன். எல்லாரையும் நெடுநேரம் வைத்திருந்தவர்கள் இவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். என் வாயை நான் திறக்காததால் அவள் வாய் அடைபட்டுப்போனது.

"ஜெசி, நான் ஒண்ணு சொன்னா திட்டாத."

"என்னம்மா?"

"நான் சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொன்ன?"

"எல்லாத்தையும்தான். அந்த அம்மாகிட்ட."

"எந்த அம்மா?"

"கொத்சு குடுத்தாங்களே, அவுங்க."

ஜெசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். உமா எங்களுக்குக் கையசைத்தார். ஜெசிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவள் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நான் உள்ள சீட்டைப் பணயம் வச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நீ வெளியில உக்காந்து சாதத்தைச் சாப்பிட்டுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டியிருக்கியே!"

"இப்ப உள்ள போய் நானே சொல்லட்டுமா? அம்மா நான்தான், எனக்குத்தான் இருந்துச்சுன்னு?"

"வேணாம்மா. அப்படியெல்லாம் சீட் வாங்கக் கூடாது."

மதிய இடைவேளையில் அந்த மேடம் வெளியே வந்தார். நரைத்த கூந்தல், சாதாரணக் கைத்தறிப் புடவை. கையில் அந்தச் சான்று.

"ஜெசிந்தாவோட அம்மாவா? இது எங்களுக்கு வேண்டியதில்லைங்க. வீட்டுல பத்திரமா வச்சுக்கங்க." சிரித்தார். "படிக்கிற எல்லாரும் ஆலோசனைக்குப் போகணும்னு போட்டிருக்கறது நோய் இருக்குன்னு இல்லீங்க. ஒருத்தர் எதிர்ல உக்காந்து வாயைத் திறக்கறது எவ்வளவு கஷ்டம்னு தனக்குத் தெரியாம, அடுத்தவங்களத் திறக்கச் சொல்லக் கூடாதில்லியா? அதுக்குத்தான்."

எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். புதுச்சேரியில் பேசாமல் கழிந்த அந்த வாரங்கள் நினைவுக்கு வந்தன. தைரியத்தை வரவழைத்துக் கேட்டேன்.

"வீட்டுல யாருக்காவது முன்னாடி இருந்திருந்தா... சேத்துக்க மாட்டீங்களா மேடம்?"

அவர் சான்றை என் கையில் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. "அப்படி ஒரு விதி போட்டா, இங்க பாடம் நடத்த எங்கள்ல பாதிப் பேரு இருக்க மாட்டோம்ங்க" என்றார். சீட் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேண்டீன் பக்கம் நடந்துவிட்டார்.

பலாப்பழம்

கடலூர் பேருந்து நிலையத்தில் என் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி: "சர்ட்டிபிகேட் கேட்டாங்களா?"

"அதைப் பத்தித்தான்பா ரொம்ப நேரம் கேட்டாங்க" என்றாள் ஜெசி.

"நான் சொல்லல?" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கலைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே தேற்றத்தை அடுத்தடுத்த நாள் நடத்தினேன். காலையில் ஜெபமாலையை உருட்டும்போதும் நடுவில் விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பேன். சீட் கிடைக்காவிட்டால் அவள் என்னைக் குறை சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எட்வின் எங்களோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஜெசியின் போன் ஒலித்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

கிடைத்துவிட்டது.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். எட்வின் ஜெசியின் தலையில் தட்டினார். "ஜெயிச்சுட்ட! அப்படி என்னா சொல்லி அவுங்கள மடக்குன?"

"ஒண்ணும் சொல்லல சித்தப்பா."

"ஒண்ணும் சொல்லாமலா சீட் குடுப்பாங்க? சரி விடு. பைத்தியங்களோடதான் இனிமே பொழப்புன்னு ஆயிடுச்சு. கொஞ்சம் தள்ளியே நின்னு வைத்தியம் பாரு."

ஜெசி வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். என் கணவர் வழக்கம்போல் மோரைப் பார்த்தார். நான் தட்டைப் பார்க்கவில்லை.

"எட்வின், எனக்கு அப்ப வந்தது மஞ்ச காமாலை இல்ல."

"எப்ப அண்ணி?"

"ஜெசி சின்னப் பிள்ளையா இருந்தப்ப. நீங்க கீழாநெல்லி கொண்டாருவீங்களே, அந்த வருசம். எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. புதுச்சேரியில அதுக்குத்தான் வைத்தியம் பாத்தோம்."

எட்வின் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். இதுவரை பேச்சில் யாரும் மடக்காத எட்வின், சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அந்தக் கீழாநெல்லி?"

"குடிச்சேன்."

"அத்தனையுமா அண்ணி?"

"நீங்கதான் எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பீங்களே."

ஜெசிதான் முதலில் சிரித்தாள். பிறகு நான். என் கணவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. எட்வின் மட்டும் சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காமாலைக்கு ஆகாதுன்னு அந்த சீசன் முழுக்க இந்த வீட்டுக்கு ஒரு பலாப்பழம் கொண்டாரல நான்" என்றார். "தோப்புல அவ்வளவு காய்ச்சுது. எல்லாருக்கும் குடுத்தேன். அண்ணி வாயில ஒரு சுளை படல."

"பரவால்ல, விடுங்க."

"என்னாத்தப் பரவால்ல? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பைத்தியம் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. முந்திரி மூட்டைகளுக்கு நடுவே கோணி போட்டு உட்காரவைத்திருந்த பலாப்பழத்தை எட்வினும் டிரைவரும் சேர்ந்து இறக்கினார்கள். தெரு முழுக்க வாசனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கூடத்தில் பழைய பேப்பர் விரித்து, அவரே பிளந்தார்.

முதல் சுளையை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்தக் காலத்தில் கீழாநெல்லி மோரை நீட்டிவிட்டு நிற்பாரே, அதே மாதிரி எதிரே நின்றார்.

"சாப்பிடுங்க அண்ணி. நான் பாக்கணும்."